நோன்புக் கஞ்சி பாக்கெட்டுகள்: குமரி மாவட்டக் கடைகளில் எதை வாங்கலாம், எதை வைத்துவிட்டு வரலாம்

ரமலான் பிறை நெருங்கினாலே நாகர்கோவில், தக்கலை, குளச்சல் சூப்பர் மார்க்கெட்டுகளில் வாசல் பக்க அலமாரி மாறிவிடும். பேரீச்சம்பழப் பெட்டி, சர்பத் பாட்டில், அதற்குப் பக்கத்தில் நோன்புக் கஞ்சி மிக்ஸ். பெரிய மசாலா கம்பெனிகளின் பாக்கெட், களியக்காவிளை வழியாக வரும் கேரள பாக்கெட், உள்ளூரில் வீட்டில் தயாரித்து ஸ்டிக்கர் ஒட்டிய பாக்கெட் என்று எல்லாம் ஒரே தட்டில் நிற்கும். எல்லா அட்டையிலும் ஒரே மாதிரி கிண்ணம், ஒரே மாதிரி பிறை. உள்ளே இருப்பது மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சரக்கு.

கம்பெனி பெயர் எதையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே பெயரில் இரண்டு விதமான பாக்கெட் வருவதால் பெயரைச் சொல்லிப் பயனும் இல்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் அது எந்த வகை என்று தெரிந்துவிடும். வகை தெரிந்தால் கஞ்சி எப்படி வரும் என்பதும் தெரிந்துவிடும்.

கஞ்சியை எப்போது ருசி பார்ப்பது?

பாக்கெட் விமர்சனங்களில் பெரும்பாலும் நடக்கும் தப்பு இது: அடுப்பிலிருந்து இறக்கியதும் ஒரு கரண்டி குடித்துவிட்டு 'அருமை' என்று எழுதிவிடுகிறார்கள். நோன்புக் கஞ்சியை யாரும் இறக்கிய உடனே குடிப்பதில்லை. அஸர் தொழுகையை ஒட்டி, நாலரை ஐந்து மணிக்கு இறக்குவார்கள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்குத்தான் குடிப்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் நாகர்கோவிலில் அது ஏறக்குறைய ஆறரை மணி. மிச்சம் இருப்பது தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்து வந்து குடிக்க. ஆக, இறக்கி இரண்டு மணி நேரம் கழித்துக் கஞ்சி எப்படி இருக்கிறது என்பதுதான் பரீட்சை. இந்த ஒரு பரீட்சையிலேயே பாதி பாக்கெட்டுகள் தோற்றுவிடுகின்றன.

நல்ல கஞ்சி அகப்பையிலிருந்து ஊற்றினால் தாரையாக இறங்க வேண்டும், கட்டியாக விழக்கூடாது. அரிசி மலர்ந்து உடைந்திருந்தாலும் நொய் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலே தண்ணீர் தனியாக நிற்கக்கூடாது. வெந்தயத்தின் லேசான கசப்பு தொண்டையில் தெரியலாம், நாக்கில் நிற்கக்கூடாது. தேங்காய்ப்பால் வாசம் முதலில் வர வேண்டும், பட்டை கிராம்பு அதற்குப் பின்னால்தான்.

இதற்கு அளவுகோல் பள்ளிவாசல் கஞ்சிதான். திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம், இடலாக்குடி, இளங்கடை, திட்டுவிளை என்று எந்த ஊரானாலும் லுஹர் என்ற மதியத் தொழுகைக்குப் பிறகு பெரிய செம்பை ஏற்றி, துடுப்பால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். அந்த அளவுக்குச் சூடு சீக்கிரம் ஏறாது, இறக்கியபின் சீக்கிரம் ஆறவும் ஆறாது. அரிசி நிதானமாகக் கரையும். அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசை நிற்கும். அதில் பக்கத்து வீட்டு எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். தமிழக அரசு 2001-லிருந்து பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி ஒதுக்குகிறது. மீதிச் செலவை ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு குடும்பம் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பல ஜமாஅத்துகளில் உண்டு. பக்கத்தில் பள்ளிவாசல் இருந்து தூக்கை எடுத்துப்போக ஆளும் இருந்தால் பாக்கெட்டே வேண்டாம், இந்தக் கட்டுரையும் வேண்டாம். வேலைக்குப் போய்விட்டு ஐந்தரைக்கு வீடு திரும்புகிறவர்கள், ஹாஸ்டலில் இருக்கிறவர்கள், கஞ்சி காய்ச்சும் பள்ளி பக்கத்தில் இல்லாதவர்கள், வளைகுடாவுக்குப் பெட்டி கட்டுகிறவர்கள், இவர்களுக்குத்தான் மேற்கொண்டு.

ஐந்து நிமிடப் பொடி

அட்டையில் 'ஐந்தே நிமிடத்தில்' என்று இருந்தால் உள்ளே இருப்பது நொய் இல்லை, அரிசி மாவு. கூடவே பருப்பு மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற ஸ்டார்ச் பொடி, பாமாயில் பொடி, உப்பு. ஐந்து நிமிடத்தில் கஞ்சி மாதிரி ஒன்று வந்துவிடும் என்பது உண்மைதான். அரை மணியில் அது கூழாகி, ஒரு மணியில் கரண்டியை நிறுத்தி வைக்கலாம். மாவில் ஸ்டார்ச் முழுக்க வெளியே கிடக்கிறது. சூடு பட்டதும் மொத்தமாக உப்பித் தண்ணீரை இழுக்கிறது, ஆற ஆற இறுகுகிறது. முழு நொய்யில் இதே வேலை உள்ளிருந்து மெதுவாக நடப்பதால் இறுக நேரம் எடுக்கும். இறுகிய மாவுக் கஞ்சியில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் கட்டிதான் மிஞ்சும்.

ஹாஸ்டலில் ஒரு ஆள் ஒரு கோப்பை உடனே குடிக்க என்றால் சரி. அப்போதும் பொடியில் வெந்நீரை ஊற்றக்கூடாது. வெளிப்பக்கம் வெந்து உள்ளே பச்சை மாவு உருண்டையாக நிற்கும். மூன்று மேசைக்கரண்டி பொடியை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒன்றரை டம்ளர் தண்ணீரில் விட்டு, சிறு தீயில் நாலைந்து நிமிடம் கொதிக்க விட வேண்டும். கெட்டில் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பது போதாது, பச்சை வாடை போகாது. குடும்பத்துக்கு வாங்க வேண்டாம்.

எல்லாம் கலந்த மிக்ஸ்

கடைகளில் அதிகம் நிற்பது இந்த வகை. நொய், பருப்பு, மசாலா, உப்பு, காய்ந்த வெங்காயம், காய்ந்த புதினா எல்லாம் ஒரே பையில். பார்க்கச் சௌகரியம். ஆனால் நொய்யைக் கழுவ முடியாது. கழுவினால் மசாலா போய்விடும், கழுவாவிட்டால் தவிட்டுத் தூசியும் மாவும் சேர்ந்து வேகும். கஞ்சி பசையாகிறது, குக்கரில் நுரை தள்ளுகிறது. உப்பு உள்ளேயே இருப்பதால் குறைக்கவும் வழியில்லை. பாக்கெட்டை அசைத்தால் பொடி அடியில் இறங்கிவிடும். பாதியை இன்றைக்கும் பாதியை நாளைக்கும் போட்டால் ஒரு நாள் சப்பென்று இருக்கும், மறுநாள் உப்புக் கரிக்கும். மசாலாப் பொடி தண்ணீருக்கு அடியில் உட்காருவதால் அடிப்பிடிப்பதும் இதில்தான் அதிகம்.

கையில் இருப்பது இந்த பாக்கெட்தான் என்றால் ஒரு வழி உண்டு. முழு பாக்கெட்டையும் மாவுச் சல்லடையில் தட்டிச் சலிக்கவும். மசாலா, உப்பு, தூசி கீழே இறங்கும். நொய்யும் பருப்பும் மேலே நிற்கும். மேலே உள்ளதைக் கழுவி ஊறவைக்கலாம். கீழே இறங்கியதை ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டு, அதில் முக்கால் பங்கை மட்டும் எண்ணெயில் போட்டுக் கடைசியில் ருசி பார்க்கலாம். இந்த ஒரு வேலையைச் செய்தால் சுமாரான பாக்கெட்டும் தேறிவிடுகிறது.

பை தனி, மசாலா தனி

வாங்க வேண்டியது இதைத்தான். நொய்யும் பருப்பும் ஒரு பையில், மசாலா சிறு பொட்டலத்தில். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். இதிலும் எல்லாம் ஒன்று போல இல்லை; கடையில் நின்றே நான்கைப் பார்த்துவிடலாம்.

நொய்யின் அளவு. ரவையை விடப் பெரிதாக, அரை அரிசியை விடச் சிறிதாக இருக்க வேண்டும். பையை வெளிச்சத்தில் தூக்கி அடிமூலையைத் தட்டினால் வெள்ளை மாவு சேர்ந்தால் வேண்டாம். நிறம் லேசான மஞ்சளாக, கண்ணாடி போல இருந்தால் அது புழுங்கல் நொய். நம் மாவட்டத்தில் புழுங்கலுக்குத்தான் பழக்கம் அதிகம், ஆகவே புழுங்கல் நொய்யும் தாராளம். ஆனால் அது கரையாது. நொய் அடியில் நிற்க, தண்ணீர் மேலே மிதக்கும்.

பருப்பு. பாசிப்பருப்பு இருந்தால் நல்லது, லேசாக வறுத்ததென்றால் இன்னும் நல்லது. துவரம்பருப்போ கடலைப்பருப்பு உடைசலோ இருந்தால் நொய் வேகும் நேரத்தில் அது வேகாது. பருப்பை வேகவிட்டால் நொய் குழைந்துவிடும்.

வெந்தயம் முழுசாக இருக்க வேண்டும். முழு வெந்தயம் ஊறும்போது வரும் வழவழப்புதான் கஞ்சிக்கு உடம்பு கொடுக்கிறது, தண்ணீரும் நொய்யும் பிரியாமல் பிடித்து வைக்கிறது. பொடித்த வெந்தயம் நேரம் ஆக ஆகக் கசப்பை விடும். இறக்கும்போது தெரியாது, ஆறரைக்குத் தெரியும்.

தேங்காய்ப்பால் பொடி இல்லாத பாக்கெட் நல்லது. தேங்காய்க்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் அந்தப் பொடிக்குக் காசு கொடுப்பானேன்? கோடவுன் வெயிலில் ஒரு மாதம் கிடந்தால் காறல் வாடை வந்துவிடும், அதை எந்த மசாலாவும் மறைக்காது. தேங்காய்ப்பாலை நம் கைக்கு விட்டுவிடுகிற பாக்கெட்டே புத்தியுள்ள பாக்கெட்.

சேர்மானப் பட்டியலும் உப்பும்

சேர்மானங்களை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். அரிசி, பருப்பு இரண்டுக்கும் அடுத்தே உப்பு வந்துவிட்டால் யோசிக்கலாம். பருப்புக்கும் முன்னால் வந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி வைத்துவிடலாம். சத்து அட்டவணையில் சோடியம் என்று போட்டிருப்பதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வரும். 250 கிராம் மிக்ஸ் இரண்டரை லிட்டர் கஞ்சியாகும் என்று வைத்துக்கொண்டால், 100 கிராம் மிக்ஸில் சோடியம் 3,000 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு ஏழரை கிராம் உப்பு. குடிக்கச் சரியாக இருக்கும். 4,000-ஐத் தாண்டினால் லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல். வெறும் வயிற்றில் முதல் வாயிலேயே தெரியும். வடையும் சேர்ந்தால் தராவீஹில் நிற்கும்போது தொண்டை வறளும். இந்தக் கணக்கு முழு மிக்ஸுக்கு மட்டும். மசாலாப் பொட்டலத்துக்கு எண் இதைவிடப் பல மடங்கு இருப்பது இயல்பு.

621, 627, 631 என்ற எண்கள் சுவை கூட்டிகள். இதில் 627, 631 இரண்டையும் மீன், மாமிசம், தாவரம் எதிலிருந்தும் தயாரிக்க முடியும். ஹலால் கவலை உள்ளவர்கள் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் போதும், இருந்தால் மாமிசம், மீன் வழி வந்ததில்லை.

உள்ளூர் வீட்டுத் தயாரிப்பு

தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல் பக்கம் பேக்கரி மேசையிலும் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். நன்றாக அமைந்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. மசாலா அந்த மாதமே வறுத்துப் பொடித்ததாக இருக்கும், கிராம்பும் மாறாமலைப் பக்கத்துக் கிராம்பாக இருக்க வாய்ப்பு உண்டு. (கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. எண்ணெய்ச் சத்து நிறைந்த சரக்கு. பெரிய கம்பெனி மசாலாவுக்குப் போடும் கணக்கில் இதைப் போட்டால் கஞ்சி பல்வலி மருந்து வாடை அடிக்கும்.) குறை என்றால் இரண்டு. தயாரித்த தேதி இருக்காது, அல்லது பேனாவால் எழுதி அழிந்திருக்கும். இன்னொன்று, சிலர் வறுத்த தேங்காய்த் துருவலைக் கலந்துவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் சிக்கு வாடை வந்துவிடும். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், தேதி, தேங்காய் இல்லாத சேர்மானம் மூன்றும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். முதல் தடவை ஒன்றே ஒன்று.

கேரளத்து ஜீரகக் கஞ்சி பாக்கெட் வேறு பலகாரம். விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் விரும்பிக் குடிப்பார்கள். சிறு அரிசி, ஜீரகம், சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), தேங்காய். மசாலா வாடை கிடையாது. நோன்பு திறக்கும்போது நோன்புக் கஞ்சியை எதிர்பார்த்து இதை வாயில் வைத்தால் ஏமாற்றம்தான். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு இது நன்றாக ஒத்துக்கொள்ளும், வயிற்றில் பாரம் தெரியாது.

மசாலாப் பொட்டலம் மட்டும்

கோட்டாறு அரிசிக் கடைகளில் பச்சரிசி நொய் கேட்டால் கொடுப்பார்கள். 'பச்சரிசி' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் புழுங்கல் நொய் பையில் விழும். ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் நொய், 50 கிராம் பாசிப்பருப்பு. மாதத்துக்கு ஆறு கிலோ நொய், ஒன்றரை கிலோ பருப்பு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முப்பது முழு பாக்கெட்டின் விலையைக் கூட்டிப் பார்த்தால், பொட்டலம் மட்டும் வாங்குவது எவ்வளவு மிச்சம் என்று தெரியும். ருசியும் கையில் இருக்கும். ஆறு கிலோவையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றுக்கு நொய்யில் சீக்கிரம் வண்டு வைக்கும். இரண்டு கிலோவாக வாங்கி, நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, வெளிக்குளிர்ச்சி போனபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் மாதக் கடைசி வரை இருக்கும்.

காய்ச்சும் முறை

பை தனி, மசாலா தனி பாக்கெட்டுக்கும், வெறும் பொட்டலத்துக்கும் இதே முறை. பாக்கெட்டில் எழுதிய முறையை விட்டுவிடலாம். பெரும்பாலும் தண்ணீரைக் குறைத்தே எழுதியிருப்பார்கள்.

நொய், பருப்பு, ஒரு தேக்கரண்டி முழு வெந்தயம் மூன்றையும் இரண்டு தண்ணீரில் கழுவி அரை மணி ஊறவைக்கவும். ஒரு நடுத்தரத் தேங்காயைத் துருவி, கெட்டிப்பால் ஒரு டம்ளர், இரண்டாம் பால் இரண்டு டம்ளர் எடுத்துத் தனித்தனியாக வைக்கவும். ஐந்து லிட்டர் குக்கர் வேண்டும். நொய்யும் பருப்பும் நுரைத்து ஏறுவதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. மூன்று லிட்டர் குக்கரில் முயன்றால் வெயிட் வழியாகக் கஞ்சி அடுப்பில் வழியும், வால்வும் அடைக்கும். குக்கர் சிறிதென்றால் அடி கனத்த சருவத்தில் திறந்தே காய்ச்சலாம், நாற்பது நிமிடம் கூடுதலாகும்.

இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய். ஒரு துண்டு பட்டை, மூன்று கிராம்பு, இரண்டு ஏலம். ரம்பை இலை கிடைத்தால் ஒரு துண்டு. பொடியாக நறுக்கிய சின்ன உள்ளி பதினைந்து, வெள்ளைப்பூண்டு பதினைந்து பல். பொட்டலத்தில் காய்ந்த பூண்டு இருக்கிறதே என்று இதைக் குறைக்க வேண்டாம். காய்ந்த பூண்டு எண்ணெயில் கருகுமே தவிர, பல் பல்லாக வெந்து கரைகிற பூண்டின் வேலையைச் செய்யாது. இஞ்சி விழுது ஒரு தேக்கரண்டி, கீறிய பச்சைமிளகாய் இரண்டு, ஒரு தக்காளி, ஒரு கைப்பிடி புதினா மல்லி.

கறி போடுவதென்றால் 150 கிராம் கொத்துக்கறியை இந்த இடத்தில் போட்டு, கறி விடும் தண்ணீர் முழுக்கச் சுண்டி எண்ணெய் சத்தம் கேட்கும் வரை உதிர்த்துக்கொண்டே வதக்க வேண்டும். சுண்டாமல் தண்ணீர் விட்டால் கறி உருண்டை உருண்டையாகக் கட்டும், கவிச்சியும் போகாது.

தீயைக் குறைத்துவிட்டு மசாலாப் பொட்டலத்தில் பாதி. அரை நிமிடத்துக்கு மேல் வறுக்கக்கூடாது, கருகினால் முழுக் கஞ்சியும் கசக்கும். உடனே எட்டு டம்ளர் தண்ணீர் (டம்ளர் என்றால் 250 மில்லி). கொதித்தபின் ஊறிய நொய்யைப் போட்டு அடியைச் சுரண்டி ஒருமுறை கிண்டிவிட்டு மூடவும். நொய்யைப் போட்டுவிட்டுத் தண்ணீரைச் சூடாக்கினால்தான் அடிப்பிடிக்கும். மூன்று விசில், பிறகு சிறு தீயில் பத்து நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். விசிலைத் தூக்கி விட்டால் கஞ்சி கூடவே பீறிடும்.

திறந்ததும் இரண்டாம் பால். இரண்டு கொதி. இப்போது உப்பும் மீதி மசாலாவும் பார்த்துச் சேர்க்கலாம். பொட்டலத்திலேயே உப்பு இருந்தால் தனியாக ஒரு தேக்கரண்டியே போதும். இல்லையென்றால் மட்டமாக ஒரு மேசைக்கரண்டி. நோன்பு வைத்திருப்பவர்கள் ருசி பார்க்காமல் காய்ச்சும் வீடுகளில் உப்பை அளந்து போட்டுப் பழகுவதுதான் வழி, கையளவு ஏமாற்றிவிடும். கெட்டிப்பால் தீயை அணைத்தபின். கொதிக்கும் கஞ்சியில் கெட்டிப்பாலை விட்டுக் கொதிக்கவைத்தால் திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும், தக்காளிப் புளிப்பு இருப்பதால் இன்னும் சீக்கிரம் திரியும்.

இறக்கும்போது கஞ்சி வேண்டிய பதத்தை விட ஒரு பங்கு நீர்த்து இருக்க வேண்டும். சரியான பதத்தில் இறக்கினால் ஆறரைக்குக் கெட்டிதான். ஹாட் பாக்கில் ஊற்றி மூடினால் உள்ளேயே இன்னும் வேகும் என்பதையும் கணக்கில் வைக்கவும். பாங்குக்குச் சற்று முன் ஒரு டம்ளர் கொதிநீரைத் தயாராக வைத்து, தேவைக்கு விட்டுக் கலக்கிப் பரிமாறலாம். பச்சைத் தண்ணீர் கலந்தால் சேராது, பிரிந்து நிற்கும். சஹருக்கும் கொஞ்சம் வேண்டுமென்றால் கெட்டிப்பால் விடும் முன்பே எடுத்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைக்கவும். பால் விட்ட கஞ்சி வெளியே இருந்தால் விடிவதற்குள் புளித்துவிடும்.

தொட்டுக்கொள்ள புதினாத் துவையலும் பருப்பு வடையும் போதும். பழம்பொரியோடு கஞ்சி குடிக்கிறவர்களும் உண்டு, அவரவர் நாக்கு.

லிட்டர் கணக்கில் விற்கும் கஞ்சி

சாயங்காலம் சில ஓட்டல்களிலும் பேக்கரி வாசலிலும் அண்டாவில் வைத்து விற்கிறார்கள். வாங்கும் முன் எத்தனை மணிக்கு இறக்கியது என்று கேட்கலாம். மேலே தடித்த ஆடை படர்ந்திருந்தால் நேரமாகிவிட்டது என்று பொருள். மைதாவோ சோள மாவோ கரைத்து விட்டிருந்தால் கஞ்சி பளபளவென்று வழுக்கும், நொய் தேடினாலும் கிடைக்காது. கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடவும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தூக்குப் பாத்திரம் கொண்டுபோனால் அளவும் கூடுதலாகவே விழும்.

அதே அலமாரியில் இருக்கும் பேரீச்சை பற்றி ஒரு வரி. ஈரமான கருப்பு கிமியா பெட்டியைக் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் கடையில் மட்டும் வாங்கவும். வெளியே வெயிலில் அடுக்கியது உள்ளுக்குள் நொதித்து, திறந்ததும் புளிச்ச வாடை வரும். குளிர்பெட்டி இல்லாத கடையென்றால் சஃபாவி மாதிரி ஈரம் குறைந்த ரகமே பாதுகாப்பு.

பெருநாள் கிட்

இருபதாம் நோன்புக்குப் பிறகு கஞ்சி பாக்கெட் பின்னால் போய் பிரியாணி கிட், நெய்ச்சோறு கிட் முன்னால் வரும். அரிசி, மசாலா, முந்திரி, கிஸ்மிஸ், ஒரு சிறு நெய் பாட்டில். பெரும்பாலும் காசுக்குத் தகாதது. கைமா அரிசியை (சிறு மணி வாசனை அரிசி) உதிரியாக வாங்கி, ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்கு தண்ணீர் வைத்தால் நெய்ச்சோறு உதிரி உதிரியாக வரும். கிட்டில் வரும் அரிசி பழசா புதுசா என்று தெரியாததால் இந்தத் தண்ணீர்க் கணக்கு தப்பும்.

பிரியாணி ஆர்டர் கொடுக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது தேதி. நோன்பு 29-லும் முடியலாம், 30-லும் முடியலாம். நம் மாவட்டத்தில் கேரளப் பிறை அறிவிப்பைப் பார்த்துப் பெருநாள் கொண்டாடும் ஜமாஅத்துகளும் உண்டு, சென்னைத் தலைமைக் காஜியின் அறிவிப்புக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே நாளாக அமையாத வருடத்தில், முன்பணம் வாங்கிய கடைக்காரர் ஒரு நாளைக்கும் ஆர்டர் கொடுத்தவர் மறுநாளைக்கும் நிற்பார்கள். 'பெருநாளன்று' என்று எழுதாமல், 29-ல் பிறை தெரிந்தால் எந்தத் தேதி, தெரியாவிட்டால் எந்தத் தேதி, எந்த ஜமாஅத்தின் அறிவிப்புப்படி என்று பில்லிலேயே எழுதி வாங்கவும்.

பெருநாளன்று நோன்பு கூடாது, கஞ்சிச் சருவம் அன்றைக்குக் கவிழ்ந்து கிடக்கும். மிஞ்சிய பாக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதத்தில் ஆறு நோன்பு வைக்கிற வீடுகளில் ஆறு நாளைக்கும் அது உதவும். அப்போது பள்ளிவாசலில் கஞ்சி இருக்காது. திறந்த பையை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைக்காமல் டப்பாவில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைக்கவும். மசாலாப் பொட்டலம் மட்டும் மிஞ்சினால் கொத்துக்கறி வதக்கலில் போட்டுத் தீர்க்கலாம். அதில் உப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.